உறை பிரிக்காத பாட்டுகள்

"புதுப் பாட்டு எத்தனை நிமிஷம் ஓடும், அக்கா?"

அரங்கத்துக்கு வெளியே சட்டையும் இசைத்தட்டும் விற்கிற மேசைக்கு முன்னால் நின்று ஒருவர் தங்கையிடம் ஒருமுறை இப்படிக் கேட்டார். வழுக்கை விழுந்த, கண்ணியமான மனிதர். அவள் அண்ணனுடைய இசைக் குழுவின் படம் போட்ட சட்டை அவர் வயிற்றின் மேல் இறுகிப் போயிருந்தது. அதனால் படத்தில் இருந்த மூன்று ஒல்லி இளைஞர்களும் இப்போது நிஜத்தில் எப்படி இருக்கிறார்களோ அப்படியே தெரிந்தார்கள்.

புதுப் பாட்டின் மேல் ஒருவருக்கு இவ்வளவு அக்கறையா என்று தங்கைக்கு மனசு குளிர்ந்துவிட்டது.

"ஆறரை நிமிஷம்ங்க."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டார். "தாராளம். டாய்லெட்டுக்கும் போயிட்டு, ஒரு காபியும் குடிச்சிட்டு வந்துடலாம்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அன்றிலிருந்து தங்கை அந்தக் கேள்விக்குப் பழகிவிட்டாள். யார் கேட்டாலும் "எட்டு நிமிஷம்" என்று கூட்டியே சொல்வாள். பாவம், வரிசை நீளமாக இருக்கும்.

அண்ணன் கிட்டார் வாசித்துப் பாடுகிறவர். பாட்டு எழுதுவதும் அவர்தான். டிரம்ஸ் வாசிப்பவருக்கு இடி என்று பெயர் நின்றுவிட்டது. பேஸ் கிட்டார் வாசிப்பவர் மேடையில் நட்ட இடத்தைவிட்டு நகர மாட்டார், அதனால் கம்பம். மூவரும் ஒன்றுசேர்ந்து நாற்பது வருஷம் ஆகிறது. முதல் இரண்டு வருஷத்தில் போட்ட பத்துப் பாட்டை மிச்சம் முப்பத்தெட்டு வருஷமாகப் பாடிக்கொண்டிருக்கிறார்கள். அதில் ரயில் பாட்டு என்று ஒன்று. இடி அதன் முதல் நாலு அடியை அடித்ததும், பல் மருத்துவரும் வங்கி மேலாளரும் போன மாதம்தான் முழங்காலை அறுத்துச் சரிசெய்துகொண்டவரும் எழுந்து குதிப்பார்கள். கச்சேரிக்கு டிக்கெட் கிடைக்காமல் சண்டை நடக்கும்.

அவர்கள் அண்ணனைக் கேட்க வரவில்லை. இருபது வயதில், தலை நிறைய முடியோடு, யாரையோ நினைத்து உருகிக்கொண்டு நின்ற தங்களையே பார்க்க வந்திருந்தார்கள். அந்த இருபது வயதுக்காரனுக்குப் புதுப் பாட்டு எதுவும் தெரியாது. அது தொடங்கியதும் அவன் நழுவிவிடுவான். அவன் போன பிறகு நாற்காலியில் என்ன வேலை என்று உடம்பும் எழுந்து டாய்லெட் பக்கம் போய்விடும்.

இது தங்கைக்குத் தெரியும். அண்ணனுக்குத் தெரியாது. மேடை விளக்கு கண்ணில் அடிப்பதால் யார் எழுந்து போகிறார்கள் என்று அவருக்குத் தெரிவதில்லை.

அண்ணன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தங்கையின் கணவருக்குக் கப்பலில் வேலை. வருஷத்தில் பத்து மாதம் தண்ணீரில். ஆகவே வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். பாட்டு எழுதும் காலத்தில் அண்ணனைப் போல ஒரு தங்கமான மனிதர் கிடையாது. அடுத்த அறையில் முணுமுணுத்துக்கொண்டிருப்பார், போட்டதைச் சாப்பிடுவார். எழுதாத காலத்தில் சமையலறைக்கு வந்துவிடுவார். டப்பாக்களை உயர வரிசைப்படி அடுக்குவார். வெங்காயத்தை எந்தப் பக்கம் பிடித்து வெட்ட வேண்டும் என்று பாடம் எடுப்பார். ஒருமுறை உப்பு டப்பாவுக்கும் சர்க்கரை டப்பாவுக்கும் அவர் இடம் மாற்றியதில் வீட்டுக்கு வந்த விருந்தாளி ஒருவர் காபியைக் குடித்துவிட்டு, மரியாதைக்குச் சிரித்தபடியே போனார்.

கடைசி இசைத்தட்டுக்கான ஒன்பது பாட்டை அண்ணன் நாலு வருஷம் எழுதினார். தங்கைக்கு அது பொற்காலம். ஒன்பதில் நாலாவது பாட்டு அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணன் அதை நூறு தடவை கெடுத்து, நூற்றியோராவது தடவை சரிசெய்ததைக் கேட்டுக்கொண்டே அவள் துணி மடித்திருக்கிறாள். சரியான அன்று அவள் கை அப்படியே நின்றுவிட்டது.

தட்டு வெளிவந்து எட்டு மாதம் ஆனது. செல்போனிலோ கணினியிலோ அதைக் கேட்க முடியாது. "கேக்கணும்னா ஊசி வெச்சுத்தான் கேக்கணும். கைல புடிச்சுப் பாக்கற மாதிரி இருக்கணும் இசை," என்று மூவரும் ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள். எட்டு மாதத்தில் போனது அறுநூறு. ஒரு கச்சேரிக்கு வருகிற கூட்டத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

ஒருநாள் காலையில் டப்பாக்கள் நகரும் சத்தம் கேட்டுத் தங்கை எழுந்தாள்.

"அறுநூறு பேர் வாங்கியிருக்காங்க," என்றார் அண்ணன், பருப்பு டப்பாவைத் தட்டிப் பார்த்தபடி. "அதுல ஒருத்தன், ஒரே ஒருத்தன், முதல் பாட்டுலேர்ந்து கடைசிப் பாட்டு வரைக்கும் உக்காந்து கேட்டேன்னு எங்கிட்ட சொன்னா போதும். அடுத்தது எழுத ஆரம்பிச்சுடுவேன். இல்லன்னா இத்தோட சரி."

"இத்தோட சரின்னா?"

"பேனாவ மூடிடுவேன். உனக்குக் கூடமாட ஒத்தாசையா இருப்பேன்."

தங்கை அவர் அடுக்கிய டப்பாக்களைப் பார்த்தாள். அன்றிலிருந்து அந்த ஒருத்தனைத் தேடத் தொடங்கினாள்.

மேசைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் கேட்டாள். எல்லோரும் அருமை என்றார்கள். பல் மருத்துவர், "பிரமாதம்மா. கண்ணாடி போட்டு நம்ம கிளினிக்ல மாட்டியிருக்கேன். பல்லு புடுங்க வர்றவங்க பாத்துக்கிட்டே இருப்பாங்க," என்றார். ஒருவர் மூன்று வாங்கியிருந்தார். "உறைய பிரிச்சா மதிப்பு போயிடும் அக்கா. அதான் மூணு. ஒண்ணு வெக்க, ஒண்ணு குடுக்க, ஒண்ணு சும்மா." ஒன்றைப் பிரித்துக் கேட்டால் என்ன என்று அவள் கேட்டபோது, தன் குழந்தையை விற்கச் சொன்னதுபோல் பார்த்தார். இன்னொருவர், "நிதானமா கேக்கணும்க்கா இதெல்லாம். ரிட்டயர் ஆகட்டும்," என்றார். ரசிகர் மன்றத் தலைவர் மட்டும் "ஆரம்பமே அபாரம்," என்றார். அதற்கு மேல் கேட்டால் அவசரமாக எங்கோ போக வேண்டியிருந்தது.

பத்திரிகையிலும் வந்தது: 'வயது ஏறினாலும் வேகம் குறையவில்லை. கிட்டாரில் அதே தீ.' அண்ணன் அதை வெட்டி மசாலா டப்பாவின் மேல் ஒட்டி வைத்தார்.

அடுத்த கச்சேரிக்கு ஒரு மணி நேரம் முன்பு, மேசைக்கு ஒரு லிஃப்ட் மெக்கானிக் வந்தார். முப்பது வயதிருக்கும். கம்பெனிச் சட்டையோடு வேலையிலிருந்து நேராக வந்திருந்தார். அன்று அண்ணனும் கையெழுத்துப் போடுவதற்காகப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

"அக்கா, இந்தத் தட்டு இன்னொண்ணு வேணும். எங்கிட்ட இருக்கறது தேஞ்சு போச்சு."

அண்ணன் பேனாவைக் கீழே வைத்தார்.

"தேஞ்சு போச்சா?"

"டெய்லி நாலஞ்சு தடவ ஓடுது சார். எங்கப்பாவோட பழைய பிளேயர் ஒண்ணு இருக்கு. சட்டையோட சேத்து வாங்கினா தள்ளுபடின்னு வாங்கினேன், பொய் சொல்லக் கூடாது. ஆனா இப்ப எங்க வீடே இதாலதான் ஓடுது."

"முழுசாவா கேக்கறீங்க?" என்றார் அண்ணன்.

"ரெண்டு பக்கமும். எனக்கு முதல் பக்கம் உசிரு சார். என் சம்சாரத்துக்கு ரெண்டாவது."

"முதல் பக்கத்துல எது?"

மெக்கானிக் யோசித்தார். "எல்லாம் ஒண்ணுதானே சார். ஆனா கடைசில அந்த வாஷிங் மெஷின் மெதுவாகி, தண்ணி வடியுது பாருங்க, அங்கதான் புள்ள கண்ணு சொருகும்."

அண்ணன் தலையாட்டினார். தன் பாட்டை இவ்வளவு ஆழமாக யாரும் உவமை சொல்லிப் பாராட்டியதில்லை என்று அவருக்குக் கண் கலங்கிவிட்டது. தங்கைக்குக் கலங்கவில்லை. நாலு வருஷம் சுவர் வழியாகக் கேட்டவள் அவள். அதில் எங்கேயும் தண்ணீர் வடியவில்லை.

"ரெண்டாவது பக்கம் எப்படிங்க?" என்றாள்.

"மழைதான் அக்கா. சுத்தமான மழை. இடிகூட இல்ல."

இடி இல்லை என்றதும் அண்ணன் நிமிர்ந்தார்.

வீட்டுக்கு வந்ததும் தட்டைப் போட்டுப் பார்க்கலாம் என்றால், அண்ணனுடைய பிளேயரின் மேல் ஏழு வருஷமாக இஸ்திரிப் பெட்டி இருந்தது. ஊசியைக் காணோம். இடிக்குப் போன் போட்டார்கள். அவருடைய பிளேயரை மனைவி பழைய சாமான்காரருக்குப் போட்டு ஐந்து வருஷமாம். கம்பத்தின் பிளேயரில் பூனை குட்டி போட்டிருந்தது. ஊசி வைத்துத்தான் கேட்க வேண்டும் என்று உலகத்துக்குச் சொன்ன மூன்று பேரிடமும் சேர்த்து ஒரு ஊசி இல்லை.

ஆகவே மறுநாள் காலையில் மூவரும் தங்கையும் லிஃப்ட் மெக்கானிக்கின் வீட்டுக்குப் போனார்கள். நாலாவது மாடி. லிஃப்ட் வேலை செய்யவில்லை. "கம்ப்ளெயின்ட் குடுத்திருக்கேன், வந்து பாக்க ஆள் இல்ல," என்று மெக்கானிக் வருத்தப்பட்டார்.

சின்ன அறை. கொடியில் துணி, மூலையில் தொட்டில், ஜன்னலோரம் பிளேயர். மெக்கானிக் தட்டைப் போட்டார். மூன்று பேரும் சோபாவில் ஒட்டி உட்கார்ந்து கேட்டார்கள். ஒரு வாஷிங் மெஷின் ஓடியது. முதலில் தண்ணீர் நிரம்பியது, பிறகு இந்தப் பக்கம் சுற்றியது, பிறகு அந்தப் பக்கம். இருபத்திரண்டு நிமிஷம். தொட்டிலில் சிணுங்கிக்கொண்டிருந்த குழந்தை நாலாவது நிமிஷத்தில் தூங்கிப்போனது. எட்டாவது நிமிஷத்தில் கம்பமும்.

"யார்டா மாதிரித் தட்ட கேட்டது?" என்றார் அண்ணன்.

மெக்கானிக்கின் மனைவி உதட்டில் விரலை வைத்தாள். அதனால் நாற்பது வருஷ நட்பில் வந்த மிகப் பெரிய சண்டை கிசுகிசுப்பாகவே நடந்தது.

ஆலையில் தட்டு அச்சடிக்கும் முன்பு ஒரு மாதிரித் தட்டை அனுப்புவார்கள். குழு அதைக் கேட்டுவிட்டு, சரி என்று கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். அதற்குப் பிறகுதான் மிச்சத்தை அடிப்பார்கள்.

"நீ கையெழுத்து போட்டிருந்தடா. நீ கேட்டிருப்பன்னு நான் போட்டேன்," என்று கிசுகிசுத்தார் இடி.

"நான் முதல்ல போடல. கம்பம்தான் முதல்ல."

கம்பத்தை எழுப்பினார்கள். "எங்கிட்ட வரும்போது ரெண்டு கையெழுத்து இருந்துச்சு," என்றார் அவர்.

"அப்ப முதல் கையெழுத்த பேய் போட்டுச்சா?" என்றார் இடி.

"சத்தம் போடாத, புள்ள முழிச்சுக்கும்."

"நான் எங்கடா சத்தம் போட்டேன்? எழுதினவன் நீ. சொந்தப் பாட்ட ஒரு தடவ போட்டுக் கேக்க மாட்டியா?"

அண்ணன் தங்கை பக்கம் திரும்பினார்.

"நீ கேட்டியா?"

இத்தனை நாளாக ஊரெல்லாம் அந்தக் கேள்வியைக் கேட்டவளுக்கு இப்போதுதான் அது உறைத்தது. "சுவத்துக்கு இந்தப் பக்கம் நாலு வருஷம் கேட்டேண்ணே. தட்டுல கேக்கல."

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். தட்டு ஓடி முடிந்தது. மெக்கானிக் மெதுவாகத் திருப்பிப் போட்டார். இந்தப் பக்கம் மழை.

மேனேஜர் ஆலைக்குப் போன் செய்தார். மேனேஜர் என்பவர் குழுவை விற்பதற்கென்றே பிறந்த மனிதர். கெட்ட செய்தியையும் சிரித்த முகத்தோடுதான் சொல்வார். குழந்தைகளைத் தூங்கவைக்கும் தட்டு ஒன்றும் அதே வாரம் அந்த ஆலையில் அச்சடிக்கப்பட்டதாம். மாதிரித் தட்டு சரியானதுதானாம், மிச்சத்தை உள்ளே வைக்கும்போதுதான் உறை மாறிவிட்டது.

"அப்படின்னா நம்ம பாட்டு அந்த உறைக்குள்ள போயிருக்கு," என்றார் அண்ணன், ஒரு பிடி கிடைத்தவரைப் போல. "அவங்க கேட்டிருப்பாங்களே."

"முதல் நாளே கேட்டுட்டாங்கண்ணே. அத்தன பேரும். அன்னிக்கு சாயந்தரத்துக்குள்ள எல்லாத் தட்டும் ஆலைக்குத் திரும்பி வந்துடுச்சாம்."

"என்ன சொன்னாங்களாம்?"

"குழந்தைங்க அலறிச்சுன்னு. நம்மகிட்டேர்ந்து எட்டு மாசமா ஒரு புகாரும் வரலன்னு, நமக்கு வந்தது சரியா இருக்குன்னு நெனச்சுட்டாங்களாம்." மேனேஜர் மலர்ந்த முகத்தோடு எல்லோரையும் பார்த்தார்.

விஷயம் பத்திரிகையில் வந்தது. தங்கை பயந்துகொண்டுதான் அடுத்த கச்சேரிக்கு மேசை போட்டாள். ஏமாந்தவர்கள் சட்டையைப் பிடிப்பார்கள் என்று எதிர்பார்த்தாள். கச்சேரிக்கு மூன்று மணி நேரம் முன்பே வாசலில் வரிசை நின்றது. வேறொன்றும் இல்லை, எல்லோருக்கும் வாஷிங் மெஷின் தட்டு வேண்டும்.

"தப்பானது இருக்கா அக்கா? கன்ஃபார்மா தப்பானதுதானே?"

"வரலாற்றுப் பிழைக்கா இது. இனிமே கெடைக்காது."

இருந்தது ஒன்றரை மணி நேரத்தில் தீர்ந்தது. மேனேஜர் ஆலைக்குப் போன் செய்து, அதே தவறை இன்னும் இரண்டாயிரம் முறை கவனமாகச் செய்து தரச் சொன்னார். பத்திரிகை விமர்சகர் மறுபடி எழுதினார்: 'அந்த மௌனத்தின் துணிச்சலை நான் முதல் நாளே உணர்ந்தேன்.' ரசிகர் மன்றத் தலைவர் மட்டும் தங்கையிடம் ரகசியமாக ஒப்புக்கொண்டார். "நான் போட்டுப் பாத்தேம்மா. மெஷின் ஓடிச்சு. சரி, நீளமான ஆரம்ப இசை போலன்னு நெனச்சு, பத்து நிமிஷம் பொறுத்துட்டு எந்திரிச்சுட்டேன். கேட்டா நமக்குப் புரியலன்னு ஆயிடுமேன்னு சொல்லல."

ஆலைக்காரர்கள் பிராயச்சித்தமாக, சரியான பாட்டோடு நூறு தட்டை இலவசமாக அனுப்பியிருந்தார்கள். அவற்றைத் தங்கை மேசையின் இந்தக் கோடியில் அடுக்கி வைத்தாள். ஒருவர் எடுத்துப் புரட்டினார்.

"இது என்னக்கா?"

"இதுல பாட்டு இருக்கு."

"ஓ," என்று கீழே வைத்துவிட்டார்.

அண்ணன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்படவில்லை. வீட்டுக்கு வந்து ஸ்பூன்களை அளவுவாரியாகப் பிரித்தார். "ஒரு ஆள் கேட்டான். அவனும் மெஷினத்தான் கேட்டான்," என்று மட்டும் சொன்னார். மறுநாள் சமையலறை அலமாரியைக் கழற்றி வேறு சுவரில் மாட்டுவதற்கு அளவு எடுத்தார்.

அன்று மத்தியானமே தங்கை ஒரு சரியான தட்டை எடுத்துக்கொண்டு அந்த நாலு மாடியையும் ஏறினாள்.

"தம்பி, இது நெஜமான தட்டு. உங்களுக்குச் சும்மா. ஒரே ஒரு தடவ முழுசா கேட்டுட்டு, அடுத்த கச்சேரிக்கு வந்து எங்கண்ணங்கிட்ட ஒரு வார்த்த சொல்லணும். பொய்யா நல்லாருக்குன்னு சொல்ல வேண்டாம். கேட்டேன்னு சொன்னா போதும்."

"புள்ள அழும் அக்கா. அலறிச்சாமே எல்லாம்."

"அழுதா நிறுத்திடுங்க. அதையும் வந்து சொல்லிடுங்க."

மெக்கானிக் தட்டையும் தொட்டிலையும் மாறிமாறிப் பார்த்தார். "சரிக்கா," என்றார், கடன்பட்ட குரலில்.

அடுத்த கச்சேரி மூன்று வாரம் கழித்து. அதற்குள் அலமாரி இடம் மாறி, மாறிய இடம் சரியில்லை என்று திரும்பவும் பழைய சுவருக்கே வந்திருந்தது. அண்ணனுக்குத் தங்கை செய்த ஏற்பாடு தெரியும். தெரியாததுபோல் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, நீட்டிய வாஷிங் மெஷின் தட்டுகளில் எல்லாம் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு கையெழுத்துக்கும் ஒருமுறை கதவைப் பார்த்தார். நாலாவது பாட்டை இன்று பாடியே தீர வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்திருந்ததால், உள்ளே இடி அதை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். அடி ஒவ்வொன்றும் சுவரைத் தாண்டி மேசைக்கு வந்தது.

"சார், அடுத்த தட்டுல என்ன மெஷின்?" என்று வரிசையில் ஒருவர் கேட்டார். "மிக்ஸி வந்தா நல்லாருக்கும்."

"பாக்கலாம்," என்றார் அண்ணன்.

அப்போது மெக்கானிக் வந்தார். தோளில் குழந்தை. அதன் வாய் திறந்து, எச்சில் கம்பெனிச் சட்டையில் வட்டமாக இறங்கியிருந்தது. ஆழ்ந்த தூக்கம். வரிசையில் நின்றவர்கள் தாங்களாகவே வழிவிட்டார்கள்.

அண்ணன் எழுந்தே விட்டார். "கேட்டீங்களா?" என்றார். சத்தமே வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது.

மெக்கானிக் வாயைத் திறக்கப் போனார். குழந்தை தோளில் முகத்தைத் தேய்த்தது. அவர் வாயை மூடிக்கொண்டு அப்படியே உறைந்து நின்றார். அது அடங்கியதும், ஒரு கையால் பையைத் திறந்து வாஷிங் மெஷின் தட்டை உருவி மேசையின் மேல் வைத்து, தங்கை பக்கமாகத் தள்ளினார். வரிசையில் மூன்று கைகள் அதை நோக்கி நீண்டன.

தங்கை அந்தத் தட்டைப் பார்க்கவில்லை. பைக்குள் இன்னொன்று இருந்தது, அவள் கொடுத்துவிட்டு வந்த நிஜமான தட்டு. அதன் உறை பிரித்திருந்தது. மூலைகள் மழுங்கி, ஓரத்தில் ஒரு காபி வட்டம்கூட விழுந்திருந்தது. அதை அவர் எடுக்கவில்லை.

உள்ளே இடி நாலாவது பாட்டின் நடுவில் வரும் அந்தக் கடினமான இடத்துக்கு வந்திருந்தார். அரங்கமே அதிர்ந்தது. குழந்தை அசையவில்லை; அதன் இடது கால் கட்டைவிரல் மட்டும் தூக்கத்தில், அடிக்கு அடி சரியாக, ஆடிக்கொண்டிருந்தது. அண்ணன் மேசையின் மேல் குனிந்து அந்த விரலையே பார்த்தார். நல்லதென்று எடுத்துக்கொள்வதா, நாலு வருஷம் எழுதிய ராக் பாட்டில் ஒரு குழந்தை இப்படித் தூங்குகிறதே என்று நொந்துகொள்வதா என்று தெரியாத முகம்.

"எப்படி இருந்துச்சுன்னு மட்டும்," என்று தொடங்கினார்.

மெக்கானிக் குழந்தையின் காலைத் துண்டால் மூடினார். பையைத் தோளில் சரிசெய்தார். முழங்காலை மடக்கி, தண்ணீர் நிறைந்த பாத்திரத்தைத் தூக்கிப் போகிறவர் போலத் திரும்பி நடந்து, கதவைச் சத்தம் வராமல் முதுகால் தள்ளித் திறந்து, ஒரு வார்த்தையும் சொல்லாமல் வெளியே போனார்.